தீவகத்தின் உழைப்பும் மத்தியதர வர்க்கத்தின் உருவாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

வேலைவாய்ப்பைப் பெருக்குதல், மத்தியதர வர்க்கத்தின் பொருளாதார நிலையை உறுதிப்படுத்தல் என்னும் இரண்டும் சுதந்திர இலங்கையில் எல்லா அரசாங்கங்களும் ஒரே மூச்சிற் கூறிவந்த வாக்குறுதிகளாகும். இவை இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பன என்ற எண்ணம் நம்மிடையே பெரிதும் வேரூன்றியுள்ளது. வேலை பெருகினால் மத்தியதர வர்க்கம் வளரும். மத்தியதர வர்க்கம் வளர்ந்தால் ஊர் வளம்பெறும் என்பதே அவ்வெண்ணம். யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு இதனை ஐயத்துக்குரியதாக்குகின்றது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர், மண்டைதீவு ஆகிய தீவக ஊர்களில் ஒரு நூற்றாண்டுக் காலத்துள் குறிப்பிடத்தக்க மத்தியதர வர்க்கம் தோன்றியது. ஆயின் அவ்வர்க்கம் தோன்றிய அதே காலத்திலே தீவகத்தின் சொந்த உற்பத்தி தளர்ந்தது, ஆட்கள் வெளியேறினர், வீடுகள் பூட்டப்பட்டன. இம்முரண்பாட்டின் வேர்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அரசின் பொருளாதாரக் கொள்கை தீவகத்துக்குப் புதியதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணையொன்றைக் கூறுகின்றது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேரவேண்டும். ஏனைய பண்டங்களை ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்குரியது. இச்சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். போருக்கு வேண்டிய விலங்குகளின் வரவை ஊக்குவிப்பதற்காக அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டமை இதிற் புலனாகின்றது. வணிகன் இவ்வாணையில் இருக்கின்றான், பண்டாரம் இருக்கின்றது. உடைந்த கலத்தின் பொருளைக் கரைசேர்த்தவர்களும் துறையிற் சுமைதூக்கியவர்களும் இல்லை. தீவகம் பற்றிப் பிற்காலத்தில் வகுக்கப்பட்ட கொள்கைகள் பலவற்றுக்கும் இக்குறைபாடு பொதுவானது.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் இத்துறையூடாகவே இந்தியாவுக்கு ஏற்றுமதியாயின. 'யானைத் துறை' எனப் பொருள்படப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரின் சிதைவே ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்பர். ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், அனலைதீவுக்கு றொட்டர்டாம் என்றும் தம் நாட்டு நகர்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயரே இன்றுவரை நிலைத்துள்ளது. நெடுந்தீவில் அவர்கள் குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயரும் அதனைச் சில காலம் தொடர்ந்தனர். தீவுகளிலும் மன்னாரிலும் அகழப்பட்ட சாயவேர் துணிகளுக்குச் செந்நிறமூட்டப் பயன்பட்டது. அவ்வேரை அகழ்ந்தெடுத்தல் சாதியடிப்படையில் விதிக்கப்பட்ட கட்டாய உழைப்பாக இருந்தது. யானையும் குதிரையும் சாயவேரும் கொம்பனியின் கணக்கேட்டில் இலாபமாகப் பதிந்தன. அவற்றைத் தந்த மண்ணில் அந்த இலாபம் மீள முதலிடப்படவில்லை.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவகத்தின் வாழ்வு கடலையும் பனையையும் தோட்டத்தையும் சார்ந்திருந்தது. பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்றுவந்தன. நெல்லும் மரமும் வந்தன. புகையிலை மலையாளத்துக்குச் சென்றது. திருவிதாங்கூர் அரசு புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தமையால், யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கமக்காரனின் வருவாய் அவன் கண்டறியாத ஓர் அரசின் தீர்மானத்தில் தங்கியிருந்தது. 1930களிலே மலையாளப் புகையிலை விற்பனவுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்ததற்கு இவ்வனுபவமே பின்னணியாகும்.

இப்பொருளாதாரத்தைத் தளர்த்தியவை மூன்று. முதலாவது போக்குவரத்து மாற்றம். 1905இல் வடபகுதிக்கான புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியது. 1914இல் தலைமன்னார் - தனுஷ்கோடிச் சேவை தொடங்கியது. பண்டங்கள் கொழும்புத் துறைமுகத்தைச் சார்ந்து நகரத் தொடங்கியதும் ஊர்காவற்றுறை ஓரத்துக்கு ஒதுங்கிற்று. இரண்டாவது, உலகச் சந்தையிலும் அயலரசுகளின் வரிகளிலும் ஏற்பட்ட தளம்பல்கள். மூன்றாவதே மிக முக்கியமானது: சுதந்திரத்தின் பின் கடல் சட்டத்தால் மூடப்பட்டமை. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் புதிய தேசிய அரசொன்றின் நோக்கிற் பார்க்கின் இயல்பானவையே. ஆனால் பாக்கு நீரிணையின் இருகரையிலும் உறவும் தொழிலும் கொண்டிருந்த மக்களுக்கு அவற்றின் பொருள் வேறு. நேற்றுவரை வணிகமாக இருந்தது இன்று கள்ளக்கடத்தலாயிற்று. தேசிய அரசு கடலுக்கு எல்லை வகுத்தது. அக்கடலில் உழைத்தவனுக்கு மாற்றுத் தொழில் வகுக்கவில்லை. ஒரு கதவை மூடுவதும் வேலைவாய்ப்புக் கொள்கையே என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

3

இவ்வாறு தளர்ந்த நிலத்திலிருந்து மத்தியதர வர்க்கம் எவ்வாறு எழுந்தது? அதற்கு இரு வழிகள் இருந்தன: உத்தியோகம் ஒன்று, கடை மற்றொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தார் எழுதுவினைஞராயினர். குடாநாட்டுக்கு அவர்கள் அனுப்பிய மணியோடரும் பின்னர் பெற்ற ஓய்வூதியமும் கல்வீடுகளாயின. நம் விமர்சனத்துறையின் முன்னோடியான பேராசிரியர் க. கைலாசபதி 1933இல் கோலாலம்பூரிற் பிறந்தவர் என்பது தற்செயலான செய்தியன்று. ஒரு வர்க்கத்தின் வரலாறு அதிற் பொதிந்துள்ளது. ஆயின் ஆங்கிலக் கல்லூரிகள் வலிகாமத்திலும் யாழ்ப்பாண நகரிலும் செறிந்திருந்தன. தீவகத்தில் அத்தகைய வாய்ப்புக் குறைவு. எனவே தீவான் பெரும்பாலும் இரண்டாவது வழியை நாடினான்.

புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு, காரைநகர் ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர் தென்னிலங்கையின் சிறு நகர்களெங்கும் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் சுருட்டுக் கடைகளும் வைத்தனர். காகம் பறவாத இடத்திலும் காரைதீவான் இருப்பான் என்று ஊரவர் கூறியது வெறும் நகைச்சுவையன்று. இக்கடைகளின் அமைப்பு தனித்த ஆய்வுக்குரியது. சிறுவன் ஒருவன் உறவினரின் கடைக்குச் சிப்பந்தியாகப் போவான். கடையிலேயே உண்டு, சாக்குகளின்மேல் உறங்கி, விடியுமுன் கதவு திறப்பான். சம்பளம் முதலாளியின் கணக்கிலேயே நிற்கும். பல்லாண்டுகளின் பின் அது பங்காக மாறலாம், மாறாமலும் போகலாம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. ஆயினும் முதலாளியும் தொழிலாளியும் மாமனும் மருமகனுமாக இருந்த இடத்தில், உறவு முறையே வர்க்க உறவை மறைக்கும் திரையாயிற்று. உழைப்புச் சுரண்டலை நன்றிக்கடன் என்ற பெயரால் ஏற்கும் மனப்பாங்கு இங்கேதான் உருப்பெற்றது.

இக்கடைகளிற் திரண்ட உபரி எங்கே போயிற்று என்பதே நம் ஆய்வின் மையவினா. அது ஊருக்கு வந்தது. காணியாக, சீதன வீடாக, ஈட்டுக்கும் ஒற்றிக்கும் கொடுத்த பணமாக, கோயிற் திருப்பணியாக வந்தது. நீரிறைக்கும் இயந்திரமாகவோ, மீன் பதனிடும் சாலையாகவோ, பனம்பொருட் தொழிலகமாகவோ வந்தது அரிது. வணிக மூலதனம் தன்னளவில் ஓர் உற்பத்தி முறையை மற்றொன்றாக மாற்றப் போதியதன்று என 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். தீவகம் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. சுற்றோட்டத்திற் பிறந்த பணம் சுற்றோட்டத்திலேயே கிடந்தது. காணி விலையையும் சீதனத் தொகையையும் உயர்த்திற்று. ஊரில் நின்று கமம் செய்தவனும் மீன் பிடித்தவனும் பனை ஏறியவனும் அவ்வுயர்வின் சுமையைத் தாங்கினர்.

4

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வேலணை மத்திய கல்லூரி போன்ற கல்விக்கூடங்கள் தீவகத்து இளைஞர்க்கு உத்தியோக வழியைத் திறந்தன. ஆனால் அவ்வழி திறந்து ஒரு தலைமுறை கழியுமுன் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் அரசாங்க சேவையின் வாசலைக் குறுக்கியது. 1971இல் பல்கலைக்கழக அனுமதியிற் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய பகுதிகளுக்கு இடமளித்தல் என்ற கோட்பாட்டை முற்போக்காளர் எதிர்த்தற்கில்லை. ஆனால் மாவட்டத்தையே அலகாகக் கொண்டபோது நெடுந்தீவு மாணவன் யாழ்ப்பாண நகர மாணவனோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டான். விஞ்ஞான ஆய்வுகூடத்தைக் காண்பதற்கே கடல் கடக்கவேண்டியவன் வளர்ந்த மாவட்டத்தின் பிள்ளையாகக் கணிக்கப்பட்டான். இனப்பாகுபாட்டை மட்டும் பேசிய நம் அரசியல், தன் மாவட்டத்துக்குள்ளே இருந்த இவ்வேற்றத்தாழ்வைப் பெரிதாகப் பேசவில்லை.

1971 ஏப்பிரில் கிளர்ச்சி தெற்கின் படித்த இளைஞரின் வேலையின்மையை உலகறியச் செய்தது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் பொருளாதாரம் தரக்கூடிய வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைத் தன் அறிக்கையின் மையமாக்கியது. 'எதிர்பார்ப்பு' என்பதை இளைஞரின் மனக்குறையாகக் கொள்ளுதல் தவறு. கையால் உழைப்பவனுக்குச் சமூக மதிப்பும் நிலையான வருவாயும் மறுக்கப்படும் சமூகத்தில் எழுதுகோலை நாடுவது பகுத்தறிவுக்கு ஒத்த தெரிவே. தீவகத்தில் இவ்வுண்மைக்குச் சாதி மேலும் கூர்மை தந்தது. பனையேறும் தொழில் பிறப்பாலேயே இழிவாகக் குறிக்கப்பட்டிருந்தபோது, பனை வளத்தாற் தொழில் பெருக்குவோம் என்று இளைஞனிடம் கூறுவது எளிதன்று.

5

எனினும் 1960களின் பிற்பகுதி முதல் 1977 வரையான காலத்திற் தீவகத்தின் உற்பத்தியைத் தொட்ட சில முயற்சிகள் நிகழ்ந்தன. அவற்றை ஒதுக்கிவிடுதல் வரலாற்றுக்கு நியாயமாகாது.

வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் குடாநாட்டுத் தோட்டச் செய்கை செழித்தது. வேலணை, புங்குடுதீவுத் தோட்டங்களும் அதன் பயனை ஓரளவு பெற்றன. படித்த வாலிபரும் தோட்டத்துக்குத் திரும்பினர். உத்தியோகமே வாழ்வென்ற எண்ணம் முதன்முறையாக ஆட்டங்கண்டது. 1970களின் முற்பகுதியில் கள்ளுத் தவறணைக் குத்தகை முறைக்கு மாறாகச் சீவற் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. குத்தகைக்காரனின் பிடியிலிருந்து தொழிலாளியை விடுவித்த வகையில் இது அக்காலத்தின் மிக முன்னேறிய நடவடிக்கைகளுள் ஒன்று. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது.

காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு ஆர்வலர் ஆர்ண யோர்த்தொவ்த் முதலியோரின் முயற்சியால் சீநோர் நிறுவனம் தோன்றியது. காரைநகரிற் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இயங்கின. நோர்வேயின் உதவி 1950களிற் கேரளத்தின் நீண்டகரைப் பகுதிக்கும் சென்றது. அங்கே அது நாளடைவில் இழுவைப் படகு மூலதனத்துக்கு வழிகோலிற்று. காரைநகரிற் கட்டப்பட்டவையோ கரையோர மீனவன் கையாளத்தக்க சிறு கண்ணாடியிழைப் படகுகள். ஒரே நாட்டின் உதவி இரு கரைகளில் இருவேறு பலன் தந்தமை, தொழில்நுட்பத்தின் தன்மையும் அதன் உடைமை யாரிடம் என்பதும் உதவித் தொகையை விட முக்கியமானவை என்பதைக் காட்டும்.

ஆனால் இம்முயற்சிகளின் எல்லையையும் நாம் கூறவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு காணியுடையவனுக்கு இலாபம் தந்தது; காணியற்ற கூலியாளுக்குக் கூடுதல் நாட்கள் வேலை தந்ததேயன்றிக் காணி தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் இருந்தது. தீவுகளில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே தேங்கி நிற்கும். அளவுமீறி இறைத்தாற் கிணறு உவராகும். நல்ல கிணறு உடையவனே கமக்காரன். நல்ல கிணற்றில் அள்ளும் உரிமையே சமூக அந்தஸ்து. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது, கிணற்றடியில் இல்லை.

1971இற் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடினார், பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார், 1973இற் காலமானார். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதி முற்போக்கு அணியைக் கடுமையாக விமர்சித்த அவரை நாம் கருத்துமுதல்வாதி என்று வகைப்படுத்தினோம். அவ்வகைப்பாடு தத்துவ நோக்கிற் பிழையன்று. ஆனால் தன் சொந்த ஊரின் உற்பத்தி உறவின் முடிச்சு கிணற்றடியில் இருக்கின்றது என்பதை அவர் செயலாற் கண்டுகொண்டார். பொருள்முதல்வாதிகளாகிய நாம் அதனை நூல்களில் விளக்கிக்கொண்டிருந்தோம். இத்தன்விமர்சனம் இன்றி இக்காலப்பகுதியை எழுதுதல் நேர்மையாகாது.

6

1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதியான மிளகாயும் வெங்காயமும் சந்தையை நிரப்பின. தோட்டத்துக்குத் திரும்பிய வாலிபன் மீண்டும் தோட்டத்தை விட்டான். அதே ஆண்டின் இனக்கலவரமும் 1983 யூலை வன்செயலும் தென்னிலங்கைக் கடைகளை அழித்தன. அரை நூற்றாண்டுச் சேமிப்பு சில நாட்களிற் சாம்பலாயிற்று; கடைக்காரரும் சிப்பந்திகளும் அகதிகளாக ஊர் திரும்பினர். ஊரிலோ அவர்களை ஏற்கத்தக்க தொழில் இல்லை. உபரி முழுவதையும் வெளியே உழைத்து வெளியிலேயே விட்டுவைத்த ஒரு பொருளாதாரத்தின் பலவீனம் அன்று வெளிப்பட்டது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகிற் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்ட், 1991 ஒக்டோபர் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஆளற்றுப்போன ஊரின் அவலத்தைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' (1995) தொகுதியிற் பதிவுசெய்தார்.

இடம்பெயர்ந்தோரிற் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறினர். மலாயா மணியோடரின் இடத்தைப் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் பிடித்தது. பாரிசின் உணவகச் சமையற்கட்டிலும் ரொறன்ரோவின் தொழிற்சாலையிலும் இரட்டை வேலை செய்து அனுப்பப்படும் பணம் அது. அதை அனுப்புவோர் அங்கே தொழிலாளர், இங்கே மத்தியதர வர்க்கத்தினர். இவ்விரட்டை நிலை நம் காலத்தின் புதிய வர்க்கத் தோற்றப்பாடாகும். பணம் செல்லும் பாதை மட்டும் பழையதே. வானளாவும் கோபுரங்களும் ஆண்டிற் சில நாட்கள் மட்டும் திறக்கும் மாடிவீடுகளும் எழுகின்றன. அவற்றின் அயலிலே குடிநீருக்குக் காத்திருப்போர் நிற்கின்றனர்.

2009இற் போர் முடிந்தபின் தீவகக் கடல் மீண்டும் போட்டிக்குரிய நிலமாயிற்று. தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்கின்றன, வலைகளை அறுக்கின்றன. இழுவை முறையை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் பிரச்சினை தீரவில்லை. இதனை இரு நாட்டுத் தமிழ் மீனவரின் சகோதரச் சண்டையாகக் காண்பது மேலோட்டமானது. இழுவைப் படகில் வருபவனும் பெரும்பாலும் கூலியாளே. படகின் உடைமையாளன் கரையில் இருக்கின்றான். 2021 அளவிற் கடலட்டைப் பண்ணைகள் வேலைவாய்ப்பின் பெயரால் ஊக்குவிக்கப்பட்டன. சிலருக்கு வருவாய் கிடைத்தது மெய். ஆனால் களங்கட்டி வைத்தும் இறால் பிடித்தும் எல்லோரும் பொதுவில் ஆண்ட பரவைக்கடல் வேலியடைக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் நியாயமானதே. 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான காற்று, சூரிய மின் திட்டம் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் அது கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக மாறியது. வல்லரசுகள் பேரம் பேசிய அம்மேசையில், அம்மின்சாரத்தாற் பனிக்கட்டி செய்து மீனைக் காக்கவேண்டிய நெடுந்தீவு மீனவனுக்கு ஆசனம் இருக்கவில்லை. பராக்கிரமபாகுவின் ஆணையிற் கண்ட அதே வெற்றிடம் இது.

7

மேற்கூறியவற்றாற் புலப்படுவது யாது? தீவகத்தின் மத்தியதர வர்க்கம் தீவகத்தின் உற்பத்தியிலிருந்து பிறந்ததன்று. மலாயாவின் அலுவலகம், தென்னிலங்கையின் கடை, மேலைநாட்டின் தொழிற்சாலை என மூன்று தலைமுறைகளிலும் அது பிறரின் உற்பத்தி அமைப்பொன்றின் ஓரத்தில் நின்றே உழைத்தது. அவ்வமைப்பு நெருக்கடிக்குள்ளானபோதெல்லாம் அதுவே முதலில் விழுந்தது. எனவே அவ்வர்க்கத்தை வலுப்படுத்தும் கொள்கை என்பது, அது பெறும் பணத்துக்கு மேலும் வழிதிறப்பது அன்று. அதன் காலடியில் நிலம் அமைப்பதாகும்.

அந்நிலம் நான்கு கூறுகளால் ஆயது: நன்னீர், கடல், பனை, போக்குவரத்து. மழைநீரைத் தேக்கும் குளங்களும் கேணிகளும் பொதுவுடைமையாகப் பேணப்படவேண்டும். கரையோரக் கடல் அதில் உழைக்கும் மீனவரின் சங்கங்களின் பொறுப்பில் இருக்கவேண்டும். பனந்தொழில் சாதித் தொழிலென்ற நிலை நீங்கி, தொழிலாளியே உடைமையாளனாகும் கூட்டுறவுத் தொழிலாகவேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு, நோயாளியும் மாணவனும் மீன்பெட்டியும் நம்பக்கூடிய சேவையாகவேண்டும். 1970களின் அனுபவம் இவை கனவல்ல என்பதைக் காட்டியது. உடைமை உறவைத் தொடாத சீர்திருத்தம் முதற் காற்றிலேயே சாயும் என்பதையும் அதுவே காட்டியது. புலம்பெயர்ந்த தொழிலாளியின் பணம் கோபுரத்துக்குப் போகுமா, கூட்டுறவுக்குப் போகுமா என்பது அவரவர் மனத்தை மட்டும் பொறுத்ததன்று. ஊரில் அதனை ஏற்று, கணக்குக் காட்டி, உழைப்பாக மாற்றத்தக்க மக்கள் அமைப்பொன்று உண்டா என்பதைப் பொறுத்ததாகும். அவ்வமைப்பில் கிணற்றடியில் விலக்கப்பட்டவனுக்குச் சமமான இடம் இருக்கவேண்டும். அவ்விடம் இல்லையெனின், மற்றெல்லாம் மீண்டும் மணியோடர்ப் பொருளாதாரமாகவே முடியும்.